கேட்டுக்கு அந்தப் பக்கம்

"ஏன் நின்னுட்டீங்க? போங்க, போங்க!" ஆம்புலன்ஸின் முன்பக்கத் தடுப்பை இரேனா உள்ளங்கையால் அடித்தாள்.

ஓட்டிவந்த பெண் திரும்பவில்லை. "கேட் மூடியிருக்கும்மா. கூட்ஸ் வண்டி."

"போயிடும்ல?"

"போகல. நிக்குது."

ஸ்ட்ரெச்சரில் லுட்விக் கிடந்தார். டேரில் என்ற பருத்த இளைஞன் அவர்மேல் குனிந்து இரண்டு கைகளாலும் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அமுக்கலுக்கும் லுட்விக்கின் தலை லேசாக ஆடியது. ஆமாம், ஆமாம் என்று எதையோ ஒப்புக்கொள்வதைப்போல.

சற்று முன்புவரை சமையலறை மேஜையில் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தவர். "இரேனா, எனக்கு என்னமோ..." என்றார். கத்தி முதலில் விழுந்தது.

சிகாகோ நகராட்சியின் குடிநீர்க் குழாய்களோடு காலம் தள்ளியவர் அவர். நகராட்சி ஊழியன் நகர எல்லைக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். எல்லைத் தெருவுக்கு அந்தப் பக்கம் இண்டியானா மாநிலம். "அங்க வரி பாதிகூட இல்ல. ராத்திரியில துப்பாக்கிச் சத்தம் கிடையாது. மனுஷன் தூங்கலாம்" என்று வேலைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றதும் மாடி வீட்டை விற்றுவிட்டு இண்டியானாவில் வீடு வாங்கி வந்துவிட்டார். மாடியில் குடியிருந்த மகள் தனுதா தன் பிள்ளையோடு வாடகைக்கு இடம் தேடிப் போக வேண்டியதாயிற்று. "உங்களுக்கு வரி மிச்சம், எனக்கு வீடு மிச்சமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனவள் புது வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. இன்றைக்குத்தான் சாப்பிட வருகிறேன் என்றிருந்தாள். உருளைக்கிழங்கு அவளுக்காக.

"வேற வழி இல்லியா? பாலம் எதாவது?"

"பாலம் பக்கத்து ஊர்ல இருக்கும்மா. சுத்திக்கிட்டுப் போனா இன்னும் லேட்டாகும். இங்கயே கட்டறதா இருந்துச்சு. ஓட்டுக்கு விட்டாங்க. வரி ஏறும்னு எல்லாரும் வேணாம்னுட்டாங்க."

வேண்டாம் என்று போட்டவர்களில் லுட்விக்கும் இரேனாவும் இருந்தார்கள்.

கண்ணாடி வழியே பார்த்தாள். கூட்ஸ் பெட்டிகளுக்கு மேலே மருத்துவமனையின் மேல்மாடி ஜன்னல்கள் தெரிந்தன. ஒரு ஜன்னலில் யாரோ திரைச்சீலையை இழுத்து மூடினார்கள்.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஓடினாள். கேட்டுக் கம்பிக்கு அடியில் புகுந்து, பெட்டியின் இரும்பை இரு கைகளாலும் அறைந்தாள். "நகத்துங்கடா! யாராவது நகத்துங்கடா!" வெயிலில் காய்ந்த இரும்பு கையைச் சுட்டது. இன்ஜின் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை பெட்டிகள்.

"அம்மா!"

இரண்டு பெட்டிகளுக்கு இடையில், அந்தப் பக்கம், தனுதா நின்றிருந்தாள்.

"அம்மா, ஆம்புலன்ஸ் யாருக்கு?"

"அப்பாவுக்கு."

தனுதா பெட்டிகளை இணைக்கும் கொக்கியின்மேல் முழங்காலை வைத்தாள்.

"ஏறாதடி! நகந்துடும், ஏறாத!"

"இத்தனை நேரம் நகரலையே! அப்பாவைத் தூக்கி இந்தப் பக்கம் குடு. கார் இருக்கு. நான் கொண்டு போறேன்."

இரேனா ஆம்புலன்ஸைப் பார்த்துக் கத்தினாள். "தம்பி, தூக்கிக் குடுத்துடலாமா? பொண்ணு அந்தப் பக்கம் நிக்கறா!"

"கையை எடுக்க முடியாதும்மா" என்றான் டேரில், மூச்சு வாங்க. "எடுத்தா போச்சு."

தனுதாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். முழங்காலை இறக்கினாள். "நினைவு இருக்கா?"

"இல்ல."

"நான் வந்திருக்கேன்னு சொல்லும்மா. காதுகிட்ட போய்ச் சொல்லு. கேக்கும். போ."

இரேனா திரும்ப ஓடினாள். படியேறும்போது முழங்காலில் இடித்துக்கொண்டதுகூட உறைக்கவில்லை. லுட்விக்கின் காதோடு வாயை வைத்தாள். "தனுதா வந்திருக்கா. இதோ, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான். கோவமெல்லாம் இல்ல. லுட்விக், என்னைப் பாரு. ஒரு தடவை பாரு."

அவர் தலை ஆடியது. டேரிலின் கைகள் அமுக்கிக்கொண்டிருந்ததால் ஆடியது.

ஓட்டிவந்த பெண் போனில் மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு தணிந்தது. பிறகு டேரிலைப் பார்த்தாள். டேரில் இன்னும் கொஞ்சம் அமுக்கினான், யாரும் சொல்லாமலே. அப்புறம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான். மோவாயிலிருந்து வியர்வை சொட்டியது.

"அம்மா..." என்றான்.

"சொல்லாதே" என்றாள் இரேனா.

தூரத்தில் எங்கோ இரும்பு இடித்தது. அந்த இடி பெட்டிக்குப் பெட்டி தாவி நெருங்கி வந்து கடந்து போனது. வண்டி நகர்ந்தது.

இரேனா கதவருகில் வந்து நின்றாள். ஓடும் பெட்டிகளுக்கு நடுவே தனுதாவின் முகம் தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. அவள் வாய் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. இரேனா தலையை ஆட்டாமல், கையைத் தூக்காமல், அப்படியே நின்றாள்.

கடைசிப் பெட்டி போய், கேட் உயர்ந்தது. இரண்டு பக்கமும் ஒரு காரும் நகரவில்லை. தனுதா தண்டவாளங்களை நடந்தே தாண்டி வந்தாள். ஆம்புலன்ஸில் ஏறி, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

அவர் கால்களைப் பார்த்து, "அம்மா, ஒரு செருப்புதான் இருக்கு" என்றாள்.

இரேனா பார்த்தாள். இடது காலில் சாம்பல்நிறக் காலுறை மட்டும் இருந்தது. பெருவிரல் பக்கம் கிழிந்திருந்தது.

"தூக்கிட்டு வரப்ப விழுந்திருக்கும்" என்றாள். "இங்கதான் எங்கயாவது கிடக்கும். பாத்துட்டு வரேன்."

"விடும்மா."

அதற்குள் இரேனா இறங்கிவிட்டிருந்தாள். வந்த வழியே, நின்றிருந்த கார்களுக்கு அடியில் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தபடி நடந்தாள்.