பால் காய்ச்சாத வீடு

டெலிபோன் வேன் எதிரே வருவதைப் பார்த்ததும் கமலவேணி நடுரோட்டில் போய் நின்றுகொண்டாள். இரவு ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள். ஒரு கையில் சோற்று டப்பா. மறு கை வேனை நிறுத்தச் சொல்லி நீண்டிருந்தது. மணி எட்டேமுக்கால். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் வருவோம் என்றுதான் கார்டில் எழுதியிருந்தார்கள். அவள் வீட்டு வரிசைக்குப் போகவேண்டிய வேன் அந்த வரிசையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது.

வேனை ஓட்டி வந்த மலாய்க்காரர் தலையை வெளியே நீட்டினார். நாற்பத்தொன்றாம் நம்பர் வீடா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"துவான் ரூமா தாக் மாவ், காக்," என்றார். வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சுவரில் ஒரு துளைதான் போடவேண்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். வயதான ஓர் அம்மா வந்து ட்ரில்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. கமலவேணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். சாட்சிக்கு ஒரு தாளையும் எடுத்துக் காட்டினார். வீட்டு உரிமையாளர் இணைப்பை மறுத்துவிட்டார் என்று அச்சடித்த கட்டத்தில் குறி போட்டு, அதன் கீழே ஒரு கையெழுத்து. கடைசியில் மண்புழுவைப் போலச் சுருண்ட வால். அவள் புருஷன் புவனேந்திரனுடையது.

வீட்டு உரிமையாளர்! கமலவேணிக்குக் காதெல்லாம் கொதித்தது. புக்கிட் ரம்பாயில் இந்த மலிவு விலை வீட்டை அவள் பேரில்தான் எழுதியிருக்கிறது. அவள் சேமநிதிப் பணம், அவள் சம்பளத்தின் மீது பேங்க் கொடுத்த கடன். வக்கீல் ஆபீசில் பதினேழு இடத்தில் கையெழுத்துப் போட்டவள் அவள். அன்றைக்குப் புவனேந்திரன் வெளியே வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

தெருமுனைப் பெட்டியில் இன்னும் ஒரே ஓர் இணைப்புதான் மிச்சம் இருக்கிறது என்றார் வேன்காரர். அவள் வேண்டாம் என்றால் பட்டியலில் அடுத்த பேருக்குப் போய்விடும். புதுப் பெட்டி எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும், அடுத்த வருஷமும் ஆகலாம். "பன்னிரண்டு மணி வரை பின் வரிசையில்தான் இருப்பேன். மனசு மாறினால் வந்து கூப்பிடுங்கள். அதற்குப் பிறகு என் கையில் இல்லை," என்று மலாயில் சொல்லிவிட்டு வேனை நகர்த்தினார்.

மனசு மாறினால்! அவள் மனசு எப்போது மாறியது? ஜனவரியில் வீட்டு நம்பர் கிடைத்த அன்றே மனுவை நிரப்பிக் கொடுத்தவள் அவள். டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்ட வீட்டில் அவளும் புருஷனும் மாமியாரும் உட்கார்ந்து பேசி முடித்த விஷயம் இது. புது வீட்டில் இந்த வருஷம் ஒன்றுதான் முடியும்: டெலிபோன் லைன், இல்லையென்றால் படம் பார்க்கிற சாட்டிலைட் தட்டு. மாமியாருக்குத் தட்டின் மீது ஆசை, அதில் தமிழ்ப் படம் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். புவனேந்திரன் மட்டும், "உன் வீடு, உன் இஷ்டம்லா," என்றான். அவள் லைன் என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. முடிந்தது என்று அவள்தான் நினைத்திருக்கிறாள்.

ஒன்பது வருஷமாகக் கமலவேணி மோடம் செய்கிறாள். டெலிபோன் கம்பி வழியாக ஒரு கம்ப்யூட்டரை இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற பெட்டி அது. ஒரு ஷிஃப்டுக்கு நானூறு சர்க்யூட் பலகை. ஈயம் வைத்து வைத்து விரல் நுனியில் ரேகையே தேய்ந்துவிட்டது. அவள் செய்த பெட்டிகள் எந்தெந்தத் தேசத்திலோ, எவர் எவர் வீட்டிலோ பேசிக்கொண்டிருந்தன. அவள் வீட்டில் ஒரு கம்பி கிடையாது. போன வருஷம் டெக்னீஷியன் வேலைக்கு ஆள் எடுத்தபோது தொழிற்சாலையிலிருந்து தோட்டத்து ஆபீசுக்குப் போன் பண்ணி நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். அங்கே கணக்கு எழுதுகிற கிராணி அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் புவனேந்திரனிடம் கொடுத்தார். நாலு நாள் கழித்து அவன் சட்டையைத் துவைத்தபோது பைக்குள்ளிருந்து கூழாய்ப்போன காகிதம் அவள் கையில் வந்தது. "மறந்துட்டேன்லா," என்றான்.

இந்த முறை சூப்பர்வைசர் இந்திராதேவி நேராகவே சொல்லிவிட்டார். ஜூன் கடைசியில் இரவு ஷிஃப்டை மூடுகிறார்கள், முப்பத்திரண்டு பெண்களுக்குக் கடிதம் தயாராக இருக்கிறது. டெக்னீஷியன் வேலை ஒன்றே ஒன்று இருக்கிறது. கம்பெனியே கம்ப்யூட்டர் கொடுக்கும், இரவில் கம்பெனியின் கிலாங் தொழிற்சாலையில் மெஷின் நின்றால் வீட்டிலிருந்தே லைன் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். "கமலா, ஒங்க வீட்டு போன் நம்பர எழுதி வெள்ளிக்கிழமை என் மேசையில வச்சிருங்க. நம்பர் இல்லன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது." இன்றைக்கு வியாழன்.

வீட்டை நெருங்கியபோதுதான் அதைப் பார்த்தாள். முன்சுவரின் நெற்றியில், அவள் பார்த்துப் பார்த்து நிறம் தேர்ந்தெடுத்த சுண்ணாம்பின் மேல், ஒரு தட்டு வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கறுப்புக் கம்பி இறங்கி, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு, உள்ளே போயிருந்தது.

புது வீட்டில் பைப்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போகிறார்கள், நான் காவலுக்குப் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஒரு வாரமாகப் புவனேந்திரன் இங்கேதான் இரவைக் கழிக்கிறான். பாவம், தரையில் படுக்கிறானே என்று அவள் தன் போர்வையைக் கொடுத்தனுப்பினாள். காவல்! கூடத்தில் பாய் விரித்து அவன் மல்லாந்து கிடந்தான். எதிரே கடன் வாங்கிய டிவி. தட்டுப் பெட்டியில் சிவப்புப் பொட்டு எரிந்தது. சுற்றிலும் நாலு பேர் உட்கார்ந்து தின்ற கச்சான் கடலைத் தோல், சிகரெட் சாம்பல். சமையல்கட்டில் ஒற்றை அடுப்பு ஒன்று, அதன் மேல் மீ நூடுல்ஸ் அவித்த சட்டி, பக்கத்தில் காப்பிக்குத் திறந்த டின் பால். பிரான்சில் உலகக் கிண்ணம் நடக்கிறது. அது இந்த வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

மாமியார் மாரியம்மா துடைப்பத்தோடு பின்கட்டிலிருந்து வந்தார். முதல் நாள் சாயங்காலமே கழுவித் துடைக்க வந்தவர்.

"வந்துட்டியா வேணி? பசியாறினியா?"

"அந்த ஆள யாரு அத்தை திருப்பி அனுப்புனது?"

"நான்தான். பின்ன என்ன? பால் காய்ச்சாத வீட்டுல செவுத்துல ஓட்ட போட்டா குடும்பத்துக்கு ஆவுமா? ஆவணியில வரச் சொன்னேன்."

சாவி வைகாசிக் கடைசியில்தான் கைக்கு வந்தது. ஆனியும் ஆடியும் வீடு புக ஆகாது, ஆவணி பிறக்கட்டும் என்று கோயில் குருக்கள் சொல்லிவிட்டார். அதுவரை ஆணி அடிக்கக்கூடாது, அடுப்பு பற்றவைக்கக்கூடாது என்று மாரியம்மா சட்டம் போட்டார். சாமி படம் மாட்டக்கூட ஓர் ஆணி அடிக்காமல் கமலவேணி அதைக் காப்பாற்றினாள். அவள் மாட்டாத படம் இன்னும் பழைய பேப்பருக்குள் சுருட்டிக் கிடக்கிறது.

"அப்ப அந்த ஓட்டை?" என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

மாரியம்மா துடைப்பத்தைக் கை மாற்றிக்கொண்டார். "அது ஆம்பளைங்க செஞ்சது. சிவசாமி சூடம் கொளுத்திக் காட்டிட்டுத்தான் போட்டான்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது சும்மாவா? தட்டு மாட்டுகிற சிவசாமி சூடம் காட்டினால் ஆனி மாதம் ஆவணியாகிவிடும். நாலு பேர் உட்கார்ந்து மீ அவித்துத் தின்றால் அடுப்புக்குத் தீட்டில்லை. அவள் சோற்றுக்கு வழி செய்கிற கம்பிக்கு மட்டும் சாஸ்திரம் குறுக்கே வந்து படுத்துக்கொள்ளும். ஒன்பது வருஷம் வாயை மூடி ஈயம் வைத்தது போதும் என்று தோன்றியது கமலவேணிக்கு. சோற்று டப்பாவைத் தரையில் வைத்தாள். சத்தம் கேட்டுப் புவனேந்திரன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"சைன் போட்டது நீங்கதானே?"

"அவன் நீட்டுனான், போட்டேன். இப்ப என்னா? அடுத்த மாசம் இன்னொரு மனு போட்டா வந்துட்டுப் போறான். போன் எங்க ஓடிப்போவுது? பந்து நாலு வருசத்துக்கு ஒரு தடவதான்லா வரும்."

"நாளைக்கு நம்பர் குடுக்கலன்னா எனக்கு வேலை இல்ல. தெரியுமா, தெரியாதா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். கைலியை இறுக்கிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துப் பேசினான்.

"தெரியும். நல்லாவே தெரியும். டெக்னீஷியனாம். நான் லோரியில செம்பனைக் குலை ஏத்திட்டு வருவேன், இவ வீட்டுல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து நடுராத்திரியில கிலாங் ஆளுங்களோட பேசிக்கிட்டிருப்பா. இந்தத் தாமான் வீடுகள்ல நாலு பேரு என்னைப் பாத்துக் கேக்க மாட்டான்?"

ஆக, சாஸ்திரமும் இல்லை, பந்தும் இல்லை. சட்டைப் பையில் கூழாகிப் போன அந்தத் துண்டுத் தாள் ஞாபகத்துக்கு வந்தது. மறந்துட்டேன்லா. ஒரு வருஷமாக அதை அவள் நம்பியிருக்கிறாள். அவன் மறதியை நினைத்துச் சிரித்துக்கூட இருக்கிறாள். அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் ஒன்பது வருஷத்துக் கோபம்.

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே நடந்தாள். பின் வரிசையில் ஏணி மேல் நின்றிருந்த வேன்காரரைப் பார்த்து, "அபாங், மாரி!" என்று கத்தினாள். "துவான் ரூமா நான்தான். வாங்க!"

திரும்பி வந்து சமையல்கட்டுக்குள் நுழைந்தாள். மீ அவித்த சட்டியை எடுத்துக் குழாயடியில் வைத்துத் தேய்த்தாள். மணல் போட்டு ஒரு தரம், சோப்பு போட்டு ஒரு தரம், வெறும் தண்ணீரில் ஒரு தரம். டின் பாலை அதில் கவிழ்த்துத் தண்ணீர் கலந்து அடுப்பில் ஏற்றினாள்.

"என்னா பண்ற?" மாரியம்மா வாசற்படியில் நின்று கேட்டார்.

"பால் காய்ச்சுறேன்."

"அடி பாவி! ஆனி மாசத்துல, தேய்பிறையில, சொந்தம் பந்தம் ஒண்ணுமில்லாம! டின் பால்ல யாராச்சும் வீடு புகுவாங்களா?"

"பால் காய்ச்சாமத்தானே ஓட்டை போடக்கூடாது? காய்ச்சிட்டா போடலாம்ல?"

"குளிக்கக்கூட இல்லடி நீ!"

"ராத்திரி பூரா வேலை செஞ்ச ஒடம்பு அத்தை இது. இந்த வீட்டுக்கு மாசா மாசம் கட்டுற ஒடம்பு. இதுக்கு ஒரு தீட்டும் கெடையாது." நெருப்புக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பற்றியது.

வேன்காரர் ட்ரில்லோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா, கூடாதா என்று மூன்று முகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கமலவேணி அந்தத் தாளை வாங்கினாள். மண்புழுக் கையெழுத்தின் மேல் இரண்டு கோடு கிழித்தாள். கீழே தன் முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினெட்டாவது கையெழுத்து. அவர் கூடத்துச் சுவரைப் பார்த்தார். மலிவு விலை வீடு. கூடத்துக்கு ஒரே ஒரு பிளக்குதான், அதில் டிவியும் தட்டுப் பெட்டியும் சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. யாரும் நகரவில்லை. கமலவேணி குனிந்து அதை உருவினாள். சிவப்புப் பொட்டு அணைந்தது. ட்ரில்லின் ஒயரை வாங்கிச் சொருகி, சுவிட்சைத் தட்டினாள்.

"வேணி," என்றான் புவனேந்திரன். பாயிலிருந்து எழுந்து வந்து சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றான். "நான் சொல்றேன், வேணாம்."

"சுவிட்ச அமத்திப் பாருங்க," என்றாள். குரல் உயரவில்லை. "அமத்திட்டு அப்புறம் என்கிட்ட பேசுங்க."

வேன்காரர் வெளியே போய்ச் சுவரில் ட்ரில்லை வைத்தார். வீடு முழுக்க உறுமியது. புதுச் சுண்ணாம்பு உள்பக்கமாகப் பொடிப்பொடியாகக் கொட்டத் தொடங்கியது. புவனேந்திரனின் கை சுவிட்சுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பால் ஓரங்களில் நுரைத்து ஏறியது. மாரியம்மா வாயில் முந்தானையை வைத்து அழுதுகொண்டிருந்தார். பால் விளிம்பைத் தொடுவதைப் பார்த்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"கெழக்கால சாய்ச்சு வையிடி, சண்டாளி!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து, முந்தானையால் சட்டியைப் பிடித்துத் தானே சாய்த்தார்.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அடுப்பு சீறியது. சுவரில் ட்ரில்லின் நுனி, ஒரு பொட்டு வெளிச்சத்தோடு, உள்ளே எட்டிப் பார்த்தது. கமலவேணி பாலையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில், சுண்ணாம்புத் தூள் விழுந்து வெளுத்துக்கொண்டிருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.