ரெஜானின் அசிங்கமான சைக்கிள்

மோன்ட்ரியாலுக்கு வந்த நாளிலிருந்து ரெஜான் இரண்டு சைக்கிள்களைப் பறிகொடுத்திருந்தான். ஒன்று நூலக வாசலில் போனது. இன்னொன்று வீட்டு மாடிப்படிக் கம்பியில் கட்டியிருந்தபோதே போனது. திருடியவன் முன்சக்கரத்தையும் பூட்டையும் மட்டும் விட்டுவைத்திருந்தான்.

மூன்றாவதாக வாங்கியது வெளிர்நீலச் சைக்கிள். வாங்கி வந்த அன்றே அதைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், துருப்பிடித்தது போலப் பழுப்பு வண்ணம் அப்பினான். கைப்பிடி முழுக்கக் கறுப்பு டேப் சுற்றினான். இருக்கைக்கு ரொட்டிப் பையை மாட்டினான். அவன் மனைவி கிஸ்லேன் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஏறி வருகிறவனோடு தெருவில் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், சொன்னபடியே இருந்தாள். ஆனால் இரண்டு கோடை கழிந்தும் அந்தச் சைக்கிளை ஒருவரும் தொடவில்லை. விருந்துக்குப் போன இடமெல்லாம் ரெஜான் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டான்.

ஜூலை முதல் தேதி வந்தது. ஊரில் பாதிப் பேர் வீடு மாறுகிற நாள். வேண்டாத சாமான்களை நடைபாதையில் போட்டுவிடுவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கிஸ்லேனின் தங்கை மிரெய் மூன்றாம் மாடிக்குக் குடிபோகிறாள் என்று இருவரும் உதவப் போனார்கள். கிஸ்லேன் சாமான் ஏற்றிய வண்டியில் போனாள், ரெஜான் சைக்கிளில் போனான்.

பூட்டி வைக்க ஒரு கம்பம்கூடக் காலியில்லை. மரத்தடியில் இரும்புச் சட்டம் போட்ட சோபா ஒன்று கிடந்தது. ரெஜான் அசைத்துப் பார்த்தான், இம்மிகூட நகரவில்லை. நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது என்று திருப்திப்பட்டு, சைக்கிளை அதோடு சேர்த்துப் பூட்டிவிட்டு மேலே போனான்.

குளிர்சாதனப் பெட்டியை ஏற்றி முடித்து இறங்கி வந்து பார்த்தால் சோபாவும் இல்லை, சைக்கிளும் இல்லை.

எதிர்வீட்டுப் பெண்மணி பார்த்திருந்தாள். பழைய இரும்பு பொறுக்குகிறவர் லாரியில் வந்தாராம், வழியில் போன நாலு பேர் கைகொடுத்தார்களாம். "குப்பையோட குப்பையைக் கட்டி வெச்சிருந்தாங்க. தூக்கறதுக்கு வசதியா இருக்கட்டும்னு கட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

கிஸ்லேன் சிரிப்பை அடக்க முயன்றாள், முடியவில்லை.

நல்ல வேளையாக அன்று எந்த வண்டியும் வேகமாகப் போக முடியாது. இருவரும் தேடிக்கொண்டு ஓடினார்கள். மூன்று தெரு தள்ளி, ஜன்னல் வழியாகக் கயிற்றில் பியானோ இறக்கிக்கொண்டிருந்த இடத்தில் அந்த லாரி நின்றிருந்தது. இரும்புக்காரர் டோர்செலியன் சோபாவின் மேல் உட்கார்ந்து, பொழுது போகாமல் சைக்கிளின் டேப்பை உரித்துக்கொண்டிருந்தார். பழுப்பு வண்ணத்தையும் அங்கங்கே சுரண்டியிருந்தார். உள்ளேயிருந்து வெளிர்நீலம் பளிச்சென்று தெரிந்தது.

"அது என்னோட சைக்கிள்" என்றான் ரெஜான், மூச்சு வாங்க.

டோர்செலியன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எப்படி இருக்கும் உங்க சைக்கிள்?"

"பழுப்பா, துருப்பிடிச்ச மாதிரி, அசிங்கமா இருக்கும்."

"இது அழகா இருக்கே, சார்."

ரெஜான் சாவியைக் காட்டினான். பூட்டு திறந்தது. டோர்செலியனுக்கு அதற்கு மேல் சந்தேகமில்லை. தூக்கிப் போடுகிற சாமானென்றுதான் எடுத்தேன் என்று வருத்தம் தெரிவித்துவிட்டு, தானே சைக்கிளை இறக்கிக் கொடுத்தார். கொடுத்த பிறகும் கையை எடுக்க மனமில்லை.

"இதைப் போய் ஏன் இப்படிப் பண்ணி வெச்சீங்க?"

"யாரும் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னுதான்."

டோர்செலியன் சோபாவைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார்.

திரும்பும்போது கிஸ்லேன் சைக்கிளை வாங்கித் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். மிச்சமிருந்த வண்ணத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். இனிமேல் இது படுக்கையறையில்தான் நிற்கும் என்றாள். ரெஜான் சரி என்று தலையாட்டினான். இரண்டு கோடைக்குப் பிறகு அவள் தெருவில் அவனோடு பேசிக்கொண்டு வருகிறாள், அதுவே போதும் என்றிருந்தது அவனுக்கு.