அங்கி ஒன்று குறைகிறது

கடலைப் பார்க்க வருகிறவர்கள் பாதிக் கடற்கரையைக் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். விரிப்பை உருவி உதறியதும் மணல் பொலபொலவென்று கொட்டியது. பெரியவள் இடுப்பில் கைவைத்து அதையே பார்த்தாள். வாய்க்குள் நன்றாக வைதுவிட்டு, பெருக்கிய தரையை மறுபடி பெருக்கினாள்.

விடுதியில் எல்லோரும் அவளைப் பெரியவள் என்றுதான் கூப்பிட்டார்கள். சின்னவள் ஒருத்தியும் அங்கே அறை சுத்தம் செய்துகொண்டிருந்ததால் வந்த பெயர். சின்னவள் அவளுடைய தங்கை. போன வருஷம் இதே அறையில் தங்கிய ஒரு அம்மாள் தன் கல்தோடு ஒன்றைக் காணோம் என்றாள். அறைக்குள் போய்வந்தது சின்னவள் மட்டும்தான். வெளிவாசலில் டிரைவர்களும் தோட்டக்காரர்களும் பார்க்க, அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். மாதவிலக்குத் துணிவரை தரையில் விழுந்தது. தோடு கிடைக்கவில்லை. அதற்காக விட்டுவிடவா போகிறார்கள்? அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார்கள். திருடி என்ற பெயரோடு போனவளைக் கரை நெடுக ஒரு விடுதியும் படியேற விடவில்லை. இப்போது இறால் உரிக்கும் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு நிற்கிறாள். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் அள்ளித் தின்கிறாள்.

அந்த அம்மாள் முந்தாநாள் திரும்ப வந்திருந்தாள், அதே புருஷனோடும் கொஞ்சம் வளர்ந்துவிட்ட அதே பெண் குழந்தையோடும். தண்ணீர் பாட்டில் வைக்கப் போன பெரியவள் அவள் காதைப் பார்த்தாள். நீலக் கல்லைச் சுற்றி வெள்ளைக் கல். விடுதியே சல்லடை போட்டுத் தேடிய தோடு, அங்கே எல்லோருக்கும் அதன் அடையாளம் மனப்பாடம். இரண்டு காதிலும் இருந்தது.

"போன வருஷம் துண்டுலயே யானை செஞ்சு கட்டில்ல வைப்பாளே ஒரு பொண்ணு, அவ இல்லையா? பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா," என்றாள் அந்த அம்மாள்.

பெரியவள் பாட்டிலை டொக்கென்று மேஜையில் வைத்தாள். "உங்க தோட்டை எடுத்துட்டான்னுதான் அவளை வேலைய விட்டுத் தூக்கினாங்க மேடம்."

"அடப்பாவமே. அது வீட்டுக்குப் போனதும் மேக்கப் பையிலயே கெடந்துச்சு. ஃபோன் பண்ணிச் சொல்லணும்னுதான் இருந்தேன். அப்புறம் மறந்தே போச்சு."

"இப்பவாவது மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவ என் தங்கச்சி. நீங்க சொன்னாத்தான் அந்தப் பழி போகும். எங்கயாவது வேலை குடுப்பாங்க."

"கண்டிப்பா சொல்றேன்," என்று அந்த அம்மாள் குழந்தைக்கு நீச்சலுடை மாட்டத் தொடங்கினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சின்னவள் விரல்களை விளக்கு வெளிச்சத்தில் விரித்துவைத்துக்கொண்டு, "சொல்லுவாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"சொல்லுவாங்க."

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா நான் சும்மா விட்டுருவேனா?"

இன்று அவர்கள் புறப்படும் நாள். விருந்தாளி கிளம்பியதும் அறையில் துண்டு, போர்வை, டம்ளர் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, கீழே போனில் 'சரி' என்று சொல்ல வேண்டும். அதுவரை பெட்டிகள் வண்டியில் ஏறாது. அந்த விடுதியில் பெரியவள் சொல் எடுபடுகிற ஒரே நேரம் அதுதான். அவள் போனை எடுத்தாள்.

"தம்பி, இந்த ரூம் மேடம் மேனேஜர்கிட்ட பேசினாங்களா?"

"ரொம்ப நேரம் பேசினாங்களே," என்றான் வரவேற்பில் இருந்தவன்.

"என்ன சொன்னாங்க?"

"காலையில காபி ஆறிப்போய் வந்துச்சாம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. ஏன்? ரூம் சரிதானே?"

குளியலறைக் கதவுக்குப் பின்னால், குளித்துவிட்டுப் போட்டுக்கொள்ளும் வெள்ளை அங்கி இரண்டு தொங்கின. பெரியவள் ஒன்றை உருவி, தள்ளுவண்டியில் கிடந்த அழுக்குத் துணி மூட்டையின் அடியில் திணித்தாள்.

"சரியில்ல தம்பி. அங்கி ஒண்ணு கொறையுது."

இவர்கள் பெட்டியும் கவிழட்டும். உள்பாவாடையும் பிரஷும் நாலு பேர் காலடியில் உருளட்டும். அதைப் பார்க்காமல் விடக்கூடாது என்று படிகளில் இறங்கி, கூடத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

மேனேஜர் குனிந்து மெதுவாக ஏதோ கேட்டார். அம்மாளின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. "என்ன கேக்கறீங்க? எங்களைப் பாத்தா துணி திருடறவங்க மாதிரி இருக்கா?" உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். புருஷன் தரையைப் பார்த்தான். பெரியவளுக்கு ஒரு வருஷத்து எரிச்சல் அடங்கி மனசு குளிர்ந்தது. இனி பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

மேனேஜர் கைகூப்பிவிட்டார். "சேச்சே, உங்களைச் சொல்லுவேனா மேடம்? எங்க ஆளுங்க கைவரிசையாத்தான் இருக்கும். இதுங்களை நம்பவே முடியாது. உக்காருங்க, ஜூஸ் கொண்டுவரச் சொல்றேன்." பிறகு காவலாளியிடம் திரும்பினார். "மாடியில வேலை பாக்கறவங்க ஒருத்தர் விடாம பையை எடுத்துட்டு வெளிவாசலுக்கு வரச் சொல்லு."

பெரியவள் இதை நினைத்தே பார்க்கவில்லை. தங்கைக்குச் செய்ததை விருந்தாளிக்கும் செய்வார்கள் என்று நம்பியிருந்தாள்.

வெளிவாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதலில், கூட அறை சுத்தம் செய்யும் நெட்டச்சியின் பை கவிழ்ந்தது. சீப்பு, சாப்பாட்டு டப்பா, கைக்குழந்தைக்காரி என்பதால் பால் நனைந்த ரவிக்கை ஒன்று. டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் குனிந்து ரவிக்கையைக் காலால் மறைத்துக்கொண்டாள்.

"எவ பண்ண வேலை இது அக்கா? அவ கை வெளங்குமா?" என்றாள் பெரியவளிடம், அழுகையை அடக்கிக்கொண்டு.

பெரியவள் வாயைத் திறந்தாள். சொன்னால் தன் வேலையும் போகும், வீட்டில் இரண்டு பேரும் திருடிகள் ஆவார்கள். மூடிக்கொண்டாள். அதற்குள் அவள் பையும் கவிழ்ந்தது. டப்பா மூடி கழன்று சோறு மண்ணில் கொட்டியது.

பின்னால் ஹாரன் அடித்தது. காவலாளி பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிக் கதவை அகலத் திறந்தான்.

"ஓரம் போங்க, ஓரம் போங்க."

பெண்கள் சக்கரத்தில் மாட்டாமல் அவரவர் சாமான்களை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். பின்பக்கம் அந்த அம்மாளின் பெட்டிகள் நிரம்பிய வண்டி அவர்கள் நடுவே மெதுவாகப் போயிற்று. காவலாளி விறைப்பாக நின்று சலாம் வைத்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"ம், எல்லாத்தையும் கீழ வைங்க," என்றான்.