சிட்டு நின்ற உயரம்

எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட ஏழு வயது மூத்த தச்சர்கூட. கார் தொழிற்சாலையில் மாதிரிக்கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. ஒரு கார் இரும்பில் உருவாவதற்கு முன்னால், அதே நீளத்திலும் அகலத்திலும் அதைக் களிமண்ணில் செய்து பார்க்கும் இடம் அது. சூடாக்கிய களிமண்ணைச் சட்டத்தின்மேல் அப்பி, தகட்டால் வழித்து, விரல் நுனியால் தடவிப் பார்ப்பார்கள். கண் ஏமாந்தாலும் விரல் ஏமாறாது என்று அக்கா அடித்துச் சொல்வாள்.

ஏழு வருடமாக அந்தக் கூடத்திலிருந்து போன கார்கள் விற்கவில்லை. மற்ற கம்பெனிக்காரர்கள் எதைச் செய்தார்களோ அதையே இவர்களும் செய்தார்கள். எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தினால் எது நம்முடையது என்று செய்தவர்களுக்கே சந்தேகம் வரும்.

புதிதாக வந்த இயக்குநர் வந்த வேகத்தில் மூன்று பிரிவுகளை மூடினார். கத்தரி என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். நாலாவதாக அவர் மாதிரிக்கூடத்துக்கு வந்தார்.

"நம்ம கம்பெனி பேரைச் சொன்னா ஜனங்க இன்னும் நம்ம பழைய சிட்டு காரைத்தான் சொல்றாங்க. அதைச் செய்யறதை நிறுத்தி எத்தனை வருஷம் ஆச்சு! அதுல என்னமோ இருக்கு. அதைக் கண்டுபிடிச்சுப் புது வண்டி செய்யுங்க. வெளியில ஒருத்தங்க போட்ட படமும் என் மேஜையில இருக்கு. உங்களுது பிடிக்கலைன்னா அதுதான். அப்புறம் இந்தக் கூடம் எனக்கு எதுக்கு?"

கூடத்தில் பதினோரு பேர். அன்று யாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

சிட்டின் பழைய வரைபடங்கள் ஒரு மழையில் கிடங்கோடு ஊறிப் போயிருந்தன. ஆனால் ஒரு சிட்டு பளபளவென்று வரவேற்பறை மேடையில் நின்றது. அக்கா அதையே அளக்கச் சொன்னாள். கருவியைக் கொண்டுவந்து தரையிலிருந்து கூரை வரை மயிரிழை பிசகாமல் அளந்தார்கள். அளவு எழுதிய தாளில் அக்கா கையெழுத்துப் போட்டாள். அந்த அளவுகளை வைத்து, வட்ட விளக்கு, வெள்ளிப் பட்டை, குட்டி மூக்கு எல்லாவற்றோடும் ஆறு வாரத்தில் புது வண்டி களிமண்ணில் எழுந்தது. விளக்குகளைச் செய்தவன் படம் வரைகிற இளைஞன். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவனைக் கண்ணாடி என்பார்கள்.

திங்கட்கிழமை இயக்குநர் வந்து மாதிரியை இரண்டு சுற்று சுற்றினார்.

"எல்லாம் இருக்கு. ஆனா ஏன் திட்டு வாங்கினவன் மாதிரி நிக்குது?"

வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார்.

"விளக்கைக் கொஞ்சம் பெரிசு பண்ணலாம்க்கா," என்றான் கண்ணாடி.

"இன்னும் பெரிசா? ஏற்கெனவே முழிச்சுக்கிட்டுத்தான் நிக்குது," என்றார் தச்சர்.

செவ்வாய் சாயங்காலம் அக்கா வாசலுக்கு வந்தபோது நாத்தனார் காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இருபது வருடமாக ஒரே காரை ஓட்டுகிறாள், அதுவும் சிட்டு. மாதத்தில் பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் என்பதால் அக்கா அதில் ஏறியே பல மாதமாகிவிட்டது.

"ஏறுங்க அண்ணி. கார் கம்பெனிக்காரங்களை என் ஓட்டை வண்டியில ஏத்திக்கிட்டுப் போறதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்."

அக்கா ஏறினாள். கதவை மூடப் போன கை அப்படியே நின்றது. மறுபடி இறங்கினாள். மறுபடி ஏறினாள்.

"என்ன அண்ணி, சீட்டுல முள்ளா இருக்கு?"

"நான் குனியவே இல்லையே!"

கூடத்தில் மாதிரிக்குப் பக்கத்தில், அதே அளவில், ஏறி உட்கார்ந்து பார்ப்பதற்கென்று இருக்கை வைத்த ஒரு மரச்சட்டம் இருந்தது. அதில் ஏற அவள் ஒவ்வொரு முறையும் தலையைத் தாழ்த்தி, இடுப்பை மடக்கி உள்ளே விழுவாள். இதில் அப்படி இல்லை. இருக்கை இடுப்புக்கு நேராக இருந்தது. நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தாள்.

"போன வாரம் நாலு ஸ்பிரிங்கும் புதுசு போட்டேன்," என்றாள் நாத்தனார். "இத்தனை நாள் உங்க வண்டி முட்டி போட்டு ஓடுச்சும்மான்னு மெக்கானிக் சிரிக்கிறார். இப்ப பாருங்க, எப்படி நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குதுன்னு."

அக்கா பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். தரையிலிருந்து கார்க் கதவின் கீழ்விளிம்பு வரை அளந்தாள். இரண்டு தடவை. பிறகு வந்த வழியே உள்ளே ஓடினாள்.

"அப்ப நான் கிளம்பட்டுமா, இல்ல இங்கேயே குடியிருக்கட்டுமா?" என்ற குரல் பின்னாலேயே வந்தது.

வரவேற்பறைச் சிட்டின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அக்கா டார்ச் அடித்தாள். ஸ்பிரிங் பட்டைகள் வளைவே இல்லாமல் தட்டையாகக் கிடந்தன. பின்பக்கக் கம்பளத்தைத் தூக்கினால் தகரமெல்லாம் பெட்டி இடித்த பள்ளங்கள். மேடையில் ஏறுவதற்கு முன் அந்த வண்டி தொழிற்சாலைக்குள்ளேயே உதிரிபாகங்களைச் சுமந்திருக்கிறது. முதுகு ஒடிந்த பிறகுதான் அதற்குப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். நாத்தனார் வண்டிக்கும் இதற்கும் ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம். அவர்கள் மயிரிழை பிசகாமல் தப்பாக அளந்திருந்தார்கள்.

மறுநாள் காலை அவள் எல்லோரையும் கூப்பிட்டுப் பார்த்ததைச் சொன்னாள்.

"சிட்டை ஜனங்க விளக்குக்காக வாங்கலை," என்றாள். "வயசானவங்க, பிள்ளையைத் தூக்கினவங்க, முதுகு வலிக்காரங்க, எல்லாரும் குனியாம ஏறினாங்க. இருக்கையை முதல்ல வச்சுட்டு, அதைச் சுத்தித்தான் வண்டியையே செஞ்சிருக்காங்க. நாம உடுப்பை மட்டும் காப்பி அடிச்சுட்டோம்."

கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் கண்ணாடி குரலைத் தாழ்த்தினான். "சொல்லாம ஆறு சென்டிமீட்டர் தூக்கிடலாம்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"வண்டி உடம்புக்கு அச்சு செய்யறவங்களுக்கு நான் கையெழுத்துப் போட்ட தாள் போயாச்சு. அதைப் பார்த்து இரும்பை வெட்டினா, நம்ம மாதிரி ஒரு உயரம், வண்டி ஒரு உயரம். என் தப்பை நான்தான் சொல்லணும்."

இரண்டு நாள் கூடம் கல்யாண வீடுபோல இருந்தது. ஜாக்கி வைத்து மாதிரியைத் தூக்கினார்கள். இருக்கைச் சட்டத்தைத் தச்சர் பிரித்துக் கட்டினார். உயர்த்திய உடம்புக்குப் பழைய வட்ட விளக்கும் வெள்ளிப் பட்டையும் இரவல் நகைபோலத் துருத்திக்கொண்டு நின்றன. வழித்தெடுக்கும் தகட்டை அக்கா கண்ணாடியிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கிக்கொண்டான். பிறகு தன் விளக்குகளைத் தானே வழித்துவிட்டு, அந்த இடத்தில் மெல்லிய கோடாகப் புது விளக்கு இழுத்தான். பழையதைவிட அது நன்றாக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்து யாரும் கிண்டல் செய்யவில்லை.

நாத்தனாரின் மெக்கானிக் வந்து வரவேற்பறைச் சிட்டுக்கும் புது ஸ்பிரிங் போட்டார். அதைத் தள்ளி வந்து மாதிரிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"சார், நாங்க அளந்தது ஸ்பிரிங் உட்கார்ந்த வண்டியை. அளக்கச் சொன்னது நான். அச்சுப் பிரிவுக்குப் போன தாளும் தப்பு. எங்க ஆறு வாரம் வீண்."

தச்சர் தரையைப் பார்த்தார். இயக்குநர் பழைய சிட்டில் ஏறினார். அவர் நல்ல உயரம், நல்ல பருமன். ஏறினார், இறங்கினார். அடுத்து மரச்சட்டத்தில் ஏறினார், இறங்கினார். மறுபடி ஏறி, இந்தத் தடவை இறங்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"கதவைப் பிடிச்சு எழுந்திரிக்க வேண்டியதில்லை," என்றார் ஏதோ யோசனையாக. பிறகு இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஜாடையா இல்லையே?"

"இல்ல சார். ஆனா நிக்கிற விதத்துல ஒரே குடும்பம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கத்தரி சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

"வெளியில இருந்து வந்த படத்தைத் திருப்பி அனுப்பிடறேன். போன ஆறு வாரத்துக்கு என்ன சொல்றீங்க?"

"அஞ்சு வாரத்துல புது அளவு முழுசையும் கொடுக்கிறோம்."

"நாலுன்னு சொல்லாம விட்டீங்களே, புண்ணியவதி," என்று கண்ணாடி காதோரம் முணுமுணுத்தான்.

ஷிப்டு மாறுகிற நேரம். வெல்டிங் பிரிவிலிருந்து வந்தவர்கள் திறந்திருந்த கதவருகே ஒவ்வொருவராக நின்றார்கள். முன்னால் நின்ற பெண் கையுறையைக் கழற்றிவிட்டு, வரலாமா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்து, களிமண் கூரையின் ஓரத்தை ஒரு விரலால் தடவினாள்.

"நம்ம வண்டியாக்கா இது?"

"நம்ம வண்டிதான்," என்றாள் அக்கா. "தள்ளி நின்னு பாரு. பக்கவாட்டுல இன்னும் அழகா இருக்கும்."

அந்தப் பெண் தள்ளி நின்றாள். பின்னாலிருந்தவர்களும் நகர்ந்து அவளோடு நின்று பார்த்தார்கள்.