வெள்ளிக்கிழமை கேட்ட இரண்டு பின்

2008ஆம் ஆண்டு பெப்ரவரியில் மொன்ட்ரியாலில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. ரொக்ஸ்பரோவில் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு வீடுகளில் ஒன்று நகுலேஸ்வரனுடையது, மற்றது அருள்நேசனுடையது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு கார்ப் பாதை. அதனால் பனி தள்ளும் ஸ்நோ புளோவரையும் இருவரும் சேர்ந்தே வாங்கியிருந்தார்கள். மெஷின் அருள்நேசனின் கொட்டிலில் நின்றது. எண்ணெய், நட்டுத் திருகும் சாவிகள், ஷியர் பின் பெட்டி எல்லாம் நகுலேஸ்வரன் வீட்டு நிலவறையில் கிடந்தன. யாரும் பேசித் தீர்மானித்ததில்லை, அதுவாக அப்படி அமைந்துவிட்டது.

ஷியர் பின் என்பது சுண்டுவிரல் நீளத்தில் ஓர் ஆணி. மெஷினுக்கு முன்னால் பனியை அள்ளுகிற பெரிய திருகைத் தண்டோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். திருகில் கல்லோ பனிக்கட்டியோ அகப்பட்டால் அந்த ஆணி முறிந்து விழும், உள்ளே இருக்கிற பற்சக்கரம் தப்பிவிடும். முறிவதற்கென்றே செய்த சாமான். அந்த இடத்தில் வேறு ஆணி எதையும் போட்டுவிடாதே, மெஷின் போய்விடும் என்று அருள்நேசனுக்கு நூறு தடவை சொல்லி வைத்தவர் நகுலேஸ்வரன். மெஷின் விஷயத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. அருள்நேசனும் சொன்னால் சொன்னபடி கேட்கிற ஆள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிபோல அருள்நேசன் வந்து கதவைத் தட்டினான். தொப்பியெல்லாம் பனி. நகரசபை வண்டி தெருப்பனியை வாசலில் ஒதுக்கிவிட்டுப் போன கட்டியில் திருகு மோதி, இரண்டு பின்னும் ஒரேயடியாக முறிந்துவிட்டனவாம்.

“அண்ணன், ரெண்டு பின் தாங்க. இரவைக்கு முப்பது சென்ரிமீற்றர் கொட்டுமாம். எனக்கு விடிய ஏழு மணிக்கு வேலை.”

நகுலேஸ்வரன் அப்போதுதான் போர்வையைக் காலில் சுற்றிக்கொண்டு தேத்தண்ணியோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நாடகம் நல்ல கட்டத்தில் நின்றது. அவர் கதவைப் பாதி திறந்தபடியே சொன்னார்:

“விளக்கு வைச்சாச்சு தம்பி. வெள்ளிக்கிழமையும் அதுவுமா இந்த நேரத்திலை வீட்டாலை இரும்பு குடுக்கிறேல்லை. காலமை வா, நானே வந்து போட்டுத் தாறன்.”

பொய்யான வழக்கமல்ல. விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி, இரும்பு, காசு எதையும் வெளியே கொடுத்தால் லட்சுமியும் கூடவே படியிறங்கிவிடுவாள் என்பது அவருடைய வீட்டில் காலங்காலமாக உள்ளதுதான். இரண்டு வருடம் நிரந்தர வேலையில்லாமல் அலைந்து, சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் இப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. லட்சுமியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவேண்டிய நேரம். அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவனே அருள்நேசன் என்பது மட்டும் அந்த நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

குசினிக்குள் இருந்து மனைவி பாலாம்பிகை, “குடுங்கோவன், பக்கத்து வீடுதானே!” என்று சத்தம் வைத்தாள். விளக்கு வைத்தவளே அவள்தான். நகுலேஸ்வரன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அருள்நேசன் சிரித்தான். அவன் கிறிஸ்தவன், வேதக்காரன், ஆனாலும் அடுத்தவன் சாமியோடு தகராறு இல்லாதவன். “அது சரி அண்ணன், நான்தான் நேரம் பாக்காம வந்திட்டன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

விடிய ஆறரைக்கு அம்புலன்ஸ் சத்தத்தில்தான் நகுலேஸ்வரன் விழித்தார். முழங்காலளவு பனியில் கார்ப் பாதை பாதி வெட்டப்பட்டுக் கிடந்தது. வாசல் முகப்பில், வண்டி ஒதுக்கிய கட்டிக்குப் பக்கத்தில் பனி அள்ளுகிற சவள் விழுந்து கிடந்தது. அருள்நேசனை ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரமுன்பே இருதயம் நின்றுவிட்டது. நாற்பத்தாறு வயது. பிரஷருக்கு மாத்திரை போடுகிறவன்.

செத்தவீட்டில் அவனுடைய மனைவி செலீன் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொன்னாள். “பின் கேட்டுத்தான் போனவர். அவங்கட வீட்டில விளக்கு வைச்சிட்டாங்களாம். அது அவங்கட முறை, சாமி விஷயம், ஆர் என்ன செய்யிற? விடிய நான் சொன்ன, போய்க் கதவைத் தட்டுங்க எண்டு. சனிக்கிழமைதானே, அண்ணன் படுக்கட்டும் எண்டு சவளத் தூக்கிட்டு இறங்கினார்.” கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். எல்லாம் விதி என்றார்கள். நகுலேஸ்வரன் மூலையில் நின்று ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது.

ஏனென்றால் அவருக்கு உண்மை தெரியும். முந்தின வெள்ளிக்கிழமை, இதே விளக்கு எரிய, நண்பன் கிரிக்கு இரும்பு ஏணியைத் தானே தூக்கிக் காரில் ஏற்றிவிட்டவர் அவர். லட்சுமியை அன்றைக்கு யாரும் விசாரிக்கவில்லை. வழக்கம் சுத்தமாக இருக்கவேண்டுமென்றால் பின்னைக் கொடுக்காமல் தானே கொண்டுபோய்ப் பூட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. வெளியே மைனஸ் பதினெட்டு. நிலவறைக்கு இறங்கவேண்டும், சப்பாத்துப் போடவேண்டும், கையுறை தேடவேண்டும். நாடகம் வேறு நல்ல கட்டத்தில் நின்றது. அவ்வளவுதான் சங்கதி. அதற்கு லட்சுமியைச் சாட்சிக்கு இழுத்துவிட்டார். இதை அவர் பாலாம்பிகைக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் செலீனுக்குத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்து ஆறாம் நாள் பின்னேரம் செலீன் ரெலிபோன் எடுத்தாள். “அண்ணன், நாளைக்கும் கொட்டுமாம். அந்தப் பின்னப் போடப் பழக்கிவிடுங்க. இனி நான்தானே தள்ளோணும்.”

“நீர் ஏனம்மா? நான் இருக்கிறன்தானே.”

“இல்ல அண்ணன். நான் பழகோணும்.”

பெட்டியை முழுதாகத் தூக்கிக்கொண்டு போனார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனார். கறுப்புச் சீலைக்கு மேல் அருள்நேசனின் பெரிய ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு செலீன் கொட்டில் வாசலில் நின்றாள். கை முழுக்க அதற்குள் மறைந்து கிடந்தது.

இயந்திரம் தவறிப் புறப்படாமல் இருக்க முதலில் பிளக் வயரைக் கழற்றிக் காட்டினார். துளைக்குள் இறுகியிருந்த முறிந்த துண்டைச் சின்னச் சுத்தியலால் தட்டி வெளியே தள்ளினார். திருகைக் கையால் உருட்டி, அதன் துளையும் தண்டின் துளையும் நேராக வந்ததும் புதுப் பின்னைச் செருகி, நட்டைப் பூட்டினார். மற்றதை அவளிடம் விட்டார். அவள் பனியில் முழங்காலிட்டாள். துளை ஒருமுறை தவறியது, அடுத்த முறை சரிவந்தது. பின் உள்ளே போனது. நட்டைத் திருகி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“இவ்வளவுதானா அண்ணன்?”

குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். அந்தக் கேள்வியில் நகுலேஸ்வரன் உடைந்துபோனார்.

“இவ்வளவுதானம்மா” என்றார். “விளக்கும் இல்லை, ஒண்டும் இல்லை. பொய் சொல்லிப்போட்டன். குளிருக்கை இறங்க எனக்குப் பஞ்சியாக் கிடந்தது. அவ்வளவுதான். அதுக்கு முந்தின வெள்ளி இதே நேரம் இன்னொருத்தனுக்கு இரும்பு ஏணி குடுத்தனான். என்னை மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை.” ஐம்பத்தைந்து வயது மனிதர், கொட்டில் வாசலில் நின்று முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சொன்ன பிறகு நெஞ்சுப் பாரம் குறையும் என்று நினைத்திருந்தார். குறையவும் செய்தது, கொஞ்சம்.

செலீன் எழும்பவில்லை. கையிலிருந்த சாவியைப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியை மூடினாள். ஜக்கெட்டின் நீளக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

“இத நீங்க சொல்லாம விட்டிருக்கலாம் அண்ணன்” என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். “உங்கட சாமிக்காக விட்டுக்குடுத்திட்டுப் போனார் எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு நாளா ராவில கண்ண மூடுறன். இனி நான் என்னத்த நினைச்சுப் படுக்கிற?”