தாச்சி

"கட்டில வெளிய எடுங்க, குளிப்பாட்ட எடம் வேணும்லா" என்றாள் கரீம் பாட்சாவின் அக்கா பல்கீஸ். அவர் தலைமாட்டைப் பிடித்தார், பக்கத்து வீட்டு இசக்கிதுரை கால்மாட்டைப் பிடித்தான். சுவரோரம் பாயில் அவர் மனைவி நஜ்முன்னிசா கிடந்தாள். காலையில் நெஞ்சைப் பிடித்தவள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, டாக்சியில், அவர் தோளில் அடங்கிவிட்டாள்.

கட்டில் நகர்ந்ததும் தரையில் நாலு பாதங்கள் தெரிந்தன. அவருடைய தோல் பட்டறைச் சாக்கட்டியால் வரைந்தவை. சின்னவை இரண்டும் அகலமாய் விலகி நின்றன. எதிரே இரண்டு பெரியவை. அவை அவர் செருப்பை வைத்துச் சுற்றி வரைந்தவை.

நாற்பத்தாறு வயதில் கராத்தே! மகள் அஸ்ரின்தான் துணைக்கு வாம்மா என்று முனிசிபல் பள்ளிக்கூடத்து வகுப்புக்கு இழுத்துப் போனாள். மகள் ஒரே வாரத்தில் நின்றுகொண்டாள், தாய் விடவில்லை. அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. ஒருநாள் மத்தியானம் இவர் சாப்பிட வரும்போது நஜ்மு போனில் பல்கீஸிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுல தாச்சின்னா சும்மாவா மைனி? இடுப்பு கழலுது."

வாசலில் நின்றவர் காதில் அது பிள்ளைத்தாச்சி என்றுதான் விழுந்தது. சாப்பிடாமல் அப்படியே திரும்பி, மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கிலோ மாங்காய் வாங்கி வந்து, வெட்கத்தோடு நீட்டினார் மனுஷன். விஷயம் புரிந்ததும் நஜ்மு சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கராத்தேயில் நிற்கிற நிலைக்குத் தாச்சி என்று பேராம். ஜப்பான்காரன் வைத்த பேருக்கு இவர் என்ன செய்வார்? அவரும் கூடச் சிரித்தார். அஸ்ரினுக்குப் பிறகு இருபது வருஷமாய் ஒன்றும் தங்காத வீடு. பையைத் தூக்கிக்கொண்டு வந்த அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு சந்தோஷமாய் இருந்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மாங்காயை உப்பும் மிளகாயும் தொட்டு ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தாள்.

அதற்கடுத்த வாரம்தான் கட்டிலை ஓரமாய்த் தள்ளிவிட்டுச் செருப்பை வைத்து வரைந்தாள். "எதுக்க ஆள் நின்னாத்தான் மச்சான் எனக்கு நெல நிக்கும். ஒரு நிமிசம் நில்லுங்களேன்."

"ஞாயித்துக்கெழம பாப்போம்ளா" என்றார். நாலு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளையும் தூங்கியே கழித்தார், பாவி.

பள்ளிவாசலிலிருந்து பலகை வந்தது. அஸ்ரின் அழுதபடி தண்ணீர் சுமந்தாள். பெரிய பாதங்களையே பார்த்துக்கொண்டு அவர் நின்றார். ஏறி நின்றுவிடலாமா என்றிருந்தது. சுற்றிலும் பெண்கள்.

"தம்பி, வெளிய போ" என்றாள் பல்கீஸ்.

"லாத்தா, அந்தக் கோடு..."

"எந்தக் கோடுடா?"

"ஒண்ணுமில்ல."

அவர் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினார்கள். சந்தில் இசக்கிதுரை நாற்காலி போட்டான். உள்ளே முதல் குவளை விழும் சத்தம் கேட்டது. கரீம் பாட்சா கதவுக்கு நேர் எதிரே போய், கால்களை அகட்டி, முட்டியைக் கொஞ்சம் மடக்கினார்.

"உக்காருங்க பாய்."

"இல்லப்பா, நிக்கேன்."

கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. சாக்கட்டி கரைந்து லேசாக வெளுத்திருந்தது. அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவே ஓடிச் சாக்கடையில் இறங்கியது.