காணாமற்போன பின்மலை

1
இந்தக் கதை சோம்பேறித்தனத்தில் பிறந்தது. கொரியப் போருக்குப் பிந்தைய புனரமைப்பு பற்றிக் கல்லூரியில் கட்டுரை கேட்டார்கள். நான் 1954ஆம் ஆண்டின் சேதப் படிவம் ஒன்றைப் பிரதியெடுத்துக் கொடுத்தேன். பாலம், சாலை, வீடு, மாடு எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. மலைக்கு இல்லை. (படிவத்தையும் நானே வரைந்தேன் என்பதைப் பேராசிரியரிடம் சொல்லவேண்டாம்.)

2
முதல் தொடக்கம்: குண்டுகள் தாங்கிய அந்த மலை கண்ணீர்...

வேண்டாம். மலை அழாது. மழை பெய்தால் சரியும், அவ்வளவுதான்.

இரண்டாவது: கொரியாவின் போர்முனையாயிருந்த யாங்கு வட்டாரத்து ஊரொன்றில் ஓக்புன் என்ற விதவை...

விதவை என்றால் நீங்கள் உடனே இரக்கப்படுவீர்கள், அவளுக்குப் பிடிக்காது. கணவன் உயிரோடிருக்கட்டும், வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கட்டும்.

ஊருக்குப் பின்னாலிருந்த மலையைப் பீரங்கிகள் மொட்டையடித்திருந்தன. போன மழைக்கு அது சரிந்து ஓக்புன்னின் பாதி வயலை விழுங்கியது. இந்த மழைக்கு மீதி வயலும் வீடும். மரக்கன்றும் தடுப்புச் சுவரும் வேண்டுமானால் மலை சேதப் பட்டியலில் ஏறவேண்டும். வட்டார அலுவலகக் குமாஸ்தா தேக்யூ கையை விரித்தார்.

“மலை என்ன அரசாங்கம் கட்டுனதாம்மா? கட்டாததை எப்படித் திருப்பிக் கட்டுறது?”

3
வேறு என்னென்ன படிவம் இருக்கிறது என்று அவள் கேட்டாள். அவர் பெருமையாக அடுக்கினார். அவள் காணாமற்போனோர் படிவத்தை எடுத்துக்கொண்டாள்.

பெயர்: பின்மலை. உறவு: வீட்டுக்குப் பெரியவர். கடைசியாகப் பார்த்தது: மூன்று வருடம் முந்தைய இலையுதிர் காலம். உடுத்தியிருந்தது: பைன் மரங்கள்.

எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. தேக்யூவின் கை பழக்கதோஷத்தில் முத்திரை குத்திவிட்டது.*

* எந்தக் குமாஸ்தாவும் இப்படிச் செய்யமாட்டார் என்பவர்கள் அலுவலக வரிசையில் நின்றதில்லை.

4
முத்திரை விழுந்த ஆளை மாதம் ஒருமுறை தேடியாகவேண்டும், அது விதி. ஜூன் மாதம் தேக்யூவே வந்தார். ரப்பர் செருப்புக்குள் செம்மண் சரிந்தது. அறிக்கையில் இரண்டே கட்டம்: ‘கிடைத்தார்’, ‘இறந்தார்’. எதில் குறியிட்டாலும் கோப்பு மூடிவிடும். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்கும்படி கெஞ்சினார்.

“செத்துட்டாருன்னு எழுதுனா நீ அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டே. கெடச்சிட்டாருன்னா அது பொய். தேடு தம்பி.”

சொல்லிவிட்டு, அண்டை ஊரில் கேட்டு வாங்கிய பைன் கன்றுக் கட்டு ஒன்றையும் மண்வெட்டியையும் நீட்டினாள்.

“இதை வெச்சா தேடணும்?”

“ஓரமா வெட்டு. நடுவுல இன்னும் வெடிக்காதது கெடக்கு.”

முதல் வெட்டிலேயே இரும்பு கணீரென்றது. தேக்யூ சிலையானார். அவள் குனிந்து குண்டுச் சிதறலைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, ஒரு சாண் தள்ளி வெட்டச் சொன்னாள்.

5
முடிவு (அ): கன்றுகள் வேரூன்றி மண் நின்றது, அமைச்சகம் பதக்கம் தந்தது. எழுதிக் கிழித்துவிட்டேன். நாட்காட்டிப் படமாகப் போட்டுவிடுவார்கள்.

முடிவு (ஆ): அன்று மாலையே மழை...

இதை எழுதமாட்டேன். எழுதினால் அது ‘இறந்தார்’ கட்டத்தில் நான் போடும் குறி.

கதையில் இப்போது மேகம் கருத்திருக்கிறது. இருபத்து மூன்று கன்றுகள் நட்டாயிற்று, கட்டு பாதிகூடக் குறையவில்லை. போதுமே என்கிறார் தேக்யூ. ஓக்புன் நிமிரவில்லை.

முடிவு இல்லாமல் என்ன கதை என்று உங்களுக்குத் தோன்றினால், தாராளமாக ஒரு கட்டத்தில் குறியிடுங்கள். ஆனால் மேலே ஏறிப்போய் அவளிடம் அதை நீங்களே சொல்லவேண்டும்.